மணமுறிவும் மன அளவுகோலும்

திருநெல்வேலிச் சீமையில் நாளிதழைக் கையில் எடுப்பவர்களில் பலர் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி என்று மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா, பிசானத்துக்கு மிச்சம் இருக்குமா என்பதை அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள விவசாயிகள் அந்த எண்களைக் கொண்டே கணித்துவிடுவார்கள்.

வெளியூர்க்காரர் ஒருவர் அதே எண்களைப் படித்தால் ஏமாந்து போகக்கூடும். சேர்வலாறு அணையின் முழு நீர்மட்டம் 156 அடி. பாபநாசம் அணைக்கு 143 அடி. மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. ஆகவே சேர்வலாற்றில்தான் தண்ணீர் அதிகம் என்று அவர் எண்ணுவார். உண்மையில் பாபநாசமும் மணிமுத்தாறும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. கொள்ளும். சேர்வலாறு ஏறத்தாழ ஒன்றேகால் டி.எம்.சி. மட்டுமே கொள்ளும்! எண்ணைப் படிப்பது எளிது. அந்த எண் எதைச் சொல்கிறது என்று அறிவதற்குத்தான் அணையின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும்.

அணைக்கே இப்படி என்றால் மனத்துக்கு எப்படி? மணமுறிவு பெற்றவரோ, கணவனையோ மனைவியையோ பிரிந்து வாழ்பவரோ, அந்த மாற்றத்துக்குப் பின் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார் என்பதை எண்ணால் குறிக்கும் முறைகள் உளவியலில் உண்டு. ஆலோசகர் ஒருவர் வினாப்படிவம் ஒன்றைக் கொடுத்து, விடைகளைக் கூட்டி, 'உங்கள் மதிப்பெண் 230' என்று சொன்னால் அதை எவ்வாறு எடுத்துக்கொள்வது? அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதுவரை நம்பலாம், தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு அது பொருந்துமா என்பதை இங்குக் காண்போம்.

கண்ணுக்குத் தெரியாததை அளத்தல்

'மனத்தை எப்படி ஐயா அளக்க முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வெப்பநிலையையும் நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் குழாயில் பாதரசம் எவ்வளவு விரிந்தது என்று பார்த்து, அதிலிருந்து வெப்பநிலையை ஊகிக்கிறோம். அது போல உளவியலார் மனநிலையைப் பார்ப்பதில்லை. மனநிலையால் மாறக்கூடிய சில விடைகளைப் பார்க்கிறார்கள்.

இதற்கான எளிய கருவியை அமெரிக்க உளவியலார் ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் வெளியிட்டார். ஒரு வாக்கியத்தைத் தந்து, அதை முழுமையாக ஏற்கிறீர்களா, ஓரளவு ஏற்கிறீர்களா, நடுநிலையா, ஓரளவு மறுக்கிறீர்களா, முழுமையாக மறுக்கிறீர்களா என்று ஐந்து படிகளில் விடை கேட்பது அவரது முறை. ஒவ்வொரு படிக்கும் ஓர் எண். எல்லா வாக்கியங்களின் எண்களையும் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும்.

வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கே எண் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1967-இல் 43 நிகழ்ச்சிகள் அடங்கிய பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொன்றும் வாழ்க்கையை எந்த அளவுக்கு மாற்றியமைக்கச் செய்கிறது என்று 394 பேரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். திருமணத்துக்கு 50 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டதில், வாழ்க்கைத் துணையின் மரணம் 100, மணமுறிவு 73, பிரிந்து வாழ்தல் 65 என்று வந்தன.

இந்த எண்கள் பின்னர் எண்ணற்ற நூல்களில் இடம்பெற்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை நிகழ்ச்சியின் எண்கள். அதை அனுபவித்த மனிதரின் எண்கள் அல்ல. மழை எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பதும், அணையில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள் அல்லவா? ஒரே மணமுறிவு ஒருவரை நொறுக்கிவிடுகிறது. இன்னொருவருக்கு அது பல ஆண்டுத் துன்பத்திலிருந்து விடுதலையாக அமைகிறது. ஆகவே மனிதரையே அளக்கும் கருவி தேவைப்பட்டது.

நூறு வினாக்கள், ஆறு கிளைகள்

அத்தகைய கருவிகளில் பெயர் பெற்ற ஒன்றை உருவாக்கியவர் புரூஸ் ஃபிஷர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மணமுறிவு பெற்றோருக்கு வகுப்புகள் நடத்தி வந்த இவர், 1970-களின் நடுவில் தம் முனைவர் பட்ட ஆய்வின்போது இதை வகுத்தார். இதில் 100 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி விடை. எனவே மதிப்பெண் 100-க்கும் 500-க்கும் இடையில் அமையும். மதிப்பெண் உயர உயரப் பொருத்தப்பாடு நன்றாக உள்ளது என்று பொருள். புதிய நிலைமைக்கு ஏற்ப ஒருவர் தம்மைச் சரிப்படுத்திக்கொண்டு, அன்றாட வாழ்வை நடத்த வல்லவராதலையே உளவியல் நூல்கள் பொருத்தப்பாடு என்கின்றன.

நூறு வாக்கியங்களும் ஆறு கிளைகளாகப் பிரிகின்றன. தன்மதிப்பு பற்றியவை 25. பழைய துணையின் மீதான பற்று விடுபடுதல் பற்றியவை 22. கோபம் பற்றியவை 12. இழப்பின் துயரம் பற்றியவை 24. பிறரை மீண்டும் நம்பி நெருங்குதல் பற்றியவை 8. நாலுபேர் நடுவில் தன் மதிப்பை உணர்தல் பற்றியவை 9.

இந்தப் பிரிவினை மிகவும் பயனுள்ளது. இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குத் துயரம் பெரிதும் தணிந்துவிட்டது. ஆனால் கோபம் கொழுந்துவிட்டு எரிகிறது. மற்றவருக்குக் கோபமே இல்லை, இரவெல்லாம் அழுகை. இருவரின் மொத்த மதிப்பெண்ணும் 300 என்று வரக்கூடும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே நிலையில் இருப்பதாகத் தோன்றும். கிளைகளைப் பார்த்தால்தான் யாருக்கு என்ன உதவி வேண்டும் என்பது புரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆற்றின் மட்டம் சில நாள்களில் இறங்கிவிட்டது. உடைந்த குளக்கரைகளும் சாலைகளும் வீடுகளும் அப்படிச் சில நாள்களில் சரியாகவில்லை. 'வெள்ளம் வடிந்துவிட்டது' என்பது உண்மைதான். ஆயினும் அது முழுச் செய்தி ஆகாது.

பின்வந்த ஆய்வாளர்கள் வேறு கிளைகளையும் கண்டனர். ஆஸ்திரேலியாவில் ஸ்வீப்பர், ஹால்ஃபோர்ட் இருவரும் 2006-இல் வெளியிட்ட அளவுகோல் மூன்று கூறுகளை அளக்கிறது: தனிமையுணர்வோடு கூடிய சோர்வு, பழைய துணையின் மீதுள்ள பற்று, குழந்தை வளர்ப்பில் இருவருக்கும் இடையே ஏற்படும் பூசல். பிள்ளைகள் இருந்தால் பிரிவு என்பது ஒரு நாளில் முடிந்துபோகும் காரியம் அன்று என்பதை இந்த மூன்றாம் கூறு நினைவூட்டுகிறது.

அடிக்கு அடி சமமா?

இப்போது இயற்பியல் கண்ணோடு இந்த எண்களைப் பார்ப்போம். பாபநாசம் அணையில் நீர்மட்டம் 20 அடியிலிருந்து 21 அடிக்கு ஏறினால் சேரும் நீர் சிறிதளவே. 120-லிருந்து 121-க்கு ஏறினால் சேரும் நீர் அதைவிட மிக அதிகம். காரணம், பள்ளத்தாக்கு அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருக்கிறது. ஏறியது இரு தடவையும் ஓர் அடிதான். நீரின் அளவு ஒன்றல்ல.

மன அளவுகோலிலும் இதே சிக்கல் உண்டு. 'முழுமையாக மறுக்கிறேன்' என்பதிலிருந்து 'ஓரளவு மறுக்கிறேன்' என்பதற்கு வரும் தொலைவும், 'நடுநிலை' என்பதிலிருந்து 'ஓரளவு ஏற்கிறேன்' என்பதற்கு வரும் தொலைவும் சமம் என்று யார் சொன்னார்கள்? எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலார் 1946-இல் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். பெயரிடும் அளவை, வரிசைப்படுத்தும் அளவை, சம இடைவெளி அளவை, உண்மைச் சுழியுடைய விகித அளவை என்பன அவை. ஒருவரின் எடை 60 கிலோ என்றால் அது 30 கிலோவைப் போல இரு மடங்கு. 400 மதிப்பெண் பெற்றவர் 200 பெற்றவரைப் போல இரு மடங்கு தேறியவர் என்று சொல்லவே முடியாது. பெரும்பாலான மன அளவுகோல்கள் வரிசையைத்தான் உறுதியாகச் சொல்லும். இடைவெளியை ஏறக்குறையத்தான் சொல்லும்.

அடுத்தது பிழை. எந்த அளவையிலும் பிழை உண்டு. ஒரே மனிதர் ஒரே மனநிலையில் இரு தடவை படிவத்தை நிரப்பினாலும் மதிப்பெண் சற்று மாறும். ஓர் அளவுகோல் எவ்வளவு சீராக அளக்கிறது என்பதை நம்பகக் குணகம் என்ற எண் காட்டும். அது 1-ஐ நெருங்க நெருங்க நம்பகம் மிகுதி. ஒரே படிவத்துக்குள் உள்ள வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து போகின்றன என்பதைக் கொண்டு நம்பகத்தை மதிப்பிடும் 'ஆல்ஃபா' என்ற குணகத்தை லீ குரோன்பாக் 1951-இல் விளக்கினார். ஃபிஷர் அளவுகோலின் மொத்த மதிப்பெண்ணுக்கு இது 0.98 என்று கூறப்படுகிறது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவையே. ஓர் அளவுகோலின் நம்பகக் குணகம் 0.96, மக்களின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் திட்ட விலக்கம் 60. அளவைப் பிழை காண, 1-லிருந்து 0.96-ஐக் கழித்து, வரும் 0.04-க்கு வர்க்கமூலம் கண்டு, 60-ஆல் பெருக்க வேண்டும். வர்க்கமூலம் 0.2, எனவே பிழை 12. '230' என்பதை '230, கூடவோ குறையவோ 12' என்றுதான் படிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதே ஆளுக்கு 245 வந்தால்? இரு அளவைகளிலும் பிழை இருப்பதால் வேறுபாட்டின் பிழை 12-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைக்கும் 17. ஏறியிருப்பது 15 மட்டுமே. ஆகவே முன்னேற்றம் உண்டு என்றோ, ஆலோசனை பலித்தது என்றோ இந்த எண்ணைக் கொண்டு மட்டும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. 245-க்குப் பதில் 220 வந்திருந்தால் அதற்காகக் கலங்கவும் வேண்டியதில்லை.

நம்பகம் உயர்ந்திருந்தால் போதுமா? போதாது. மளிகைக்கடைத் தராசு எந்நேரமும் 50 கிராம் கூட்டியே காட்டினால் அது மிகச் சீரான தராசுதான். ஆனால் பொய் சொல்லும் தராசு. சீராக அளப்பது நம்பகம். அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. நம் ஊரில் கேள்விக்குரியதாவது இந்த ஏற்புடைமையே.

சுழி எங்கே?

எந்த அளவுக்கும் தொடக்கம் ஒன்று வேண்டும். பிரிந்து எத்தனை மாதத்தில் தேறினார் என்று சொல்ல, மாதக் கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது?

மேலைநாட்டு ஆய்வுகளில் பல, மணமுறிவு நாளைச் சுழியாக வைக்கின்றன. ரிச்சர்ட் லூகாஸ் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியில் 30,000-க்கும் மேற்பட்டோரை 18 ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுத் திரட்டிய விவரங்களை அவர் ஆராய்ந்தார். வாழ்க்கை நிறைவு மணமுறிவுக்கு முந்தைய ஆண்டுகளிலேயே சரியத் தொடங்குகிறது. மணமுறிவுக்குப் பின் மெல்ல ஏறுகிறது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் பழைய மட்டத்தை முழுமையாக எட்டுவதில்லை என்று அவர் கண்டார். அதே விவரத் தொகுப்பை மான்சினி, பொனானோ, கிளார்க் மூவரும் வேறு முறையில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டபோது இன்னொன்று தெரிந்தது. சராசரிக் கோடு ஒன்றாக இருந்தாலும் மனிதர்கள் வெவ்வேறு பாதைகளில் போகிறார்கள். மணமுறிவு பெற்றவர்களில் பெரும்பான்மையோரின் நிறைவு அவ்வளவாக மாறவே இல்லை. ஒரு சிலருடையது நன்றாகச் சரிந்தது. வேறு சிலருடையது உயர்ந்தே போயிற்று. சராசரியில் யாரோ ஒருவரின் கதை இருக்கிறது என்று எண்ணுவது தவறு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்து திருமணச் சட்டத்தில் இருவர் சம்மதத்தோடு மணமுறிவு பெறும் 13-பி பிரிவு 1976-இல் சேர்க்கப்பட்டது. மனுச் செய்வதற்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது. எப்படிப் பார்த்தாலும், தீர்ப்பு கைக்கு வரும்போது பிரிவுக்கு ஓராண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. வழக்காடிப் பெறும் மணமுறிவுக்கோ ஆண்டுகள் பல ஆகலாம். தீர்ப்பு நாளைச் சுழியாக்கினால், பாதி ஏறி முடித்தவரை 'இப்போதுதான் தொடங்குகிறார்' என்று எண்ணிவிடுவோம்.

அதைவிடப் பெரிய செய்தி வேறொன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமுறிவு பெற்றோர் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். மணமுறிவு பெறாமலே பிரிந்து வாழ்வோர் ஏறத்தாழ 35 லட்சம் பேர். இரு கணக்கிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அதாவது, நம்மிடையே பிரிவு என்பது பெரும்பாலும் தீர்ப்பில்லாத பிரிவு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிடும் வழக்கமும் சில சமூகங்களில் இருந்து வருகிறது. வழக்காற்றால் ஏற்கப்பட்ட மணமுறிவுக்குச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இடம் தருகிறது.

இவை எதிலும் அடங்காத நிலை ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்குச் சேரன்மகாதேவியில் உள்ள தாய் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறக்கிறது. பேர் வைத்தாயிற்று. அழைத்துப்போக வர வேண்டியவர் வரவில்லை. ஆடி கழியட்டும் என்றார்கள். தீபாவளி வரட்டும் என்றார்கள். பொங்கல்படி அனுப்பிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அவள் எந்த நாளில் பிரிந்தாள்? அவளுடைய காலக்கோட்டில் சுழியே இல்லை. 'பழைய துணையின் மீதுள்ள பற்று' என்று படிவம் கேட்கும்போது, அவர் பழைய துணைதானா என்பதே அவளுக்குத் தீர்மானமாகவில்லை. படிவம் அவளுக்குக் குறைந்த மதிப்பெண் தரும். அவள் மனம் தேறாததால் அன்று, நிலைமை முடியாததால்.

யாருடைய சொற்கள்?

மொழிக்கு வருவோம். தனிமையுணர்வை அளக்க 1978-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 20 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்று உருவாயிற்று. ஆங்கிலத்தில் ஆளில்லாமல் இருப்பதற்கு ஒரு சொல். ஆளிருந்தும் மனம் வெறிச்சோடிப் போவதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டையுமே 'தனிமை' என்றுவிடுகிறோம். கல்லிடைக்குறிச்சியில் அப்பா, அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் என்று எட்டுப் பேர் உள்ள வீட்டில் இருக்கும் பெண்ணிடம் 'தனியாக இருக்கிறீர்களா?' என்றால், 'இல்லையே, வீடு நிறைய ஆள் இருக்கிறதே' என்பாள். 'மனம்விட்டுப் பேச ஆள் உண்டா?' என்று கேட்டுப் பாருங்கள். விடை வேறாக இருக்கலாம்.

இதனால்தான் மொழிபெயர்த்த அளவுகோலை அப்படியே பயன்படுத்தக்கூடாது என்பர். ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, நம் மக்களிடமே சோதிக்க வேண்டும். பொதுவான மன உளைச்சலைக் கண்டறிய இங்கிலாந்தின் டேவிட் கோல்ட்பர்க் உருவாக்கிய வினாப்படிவத்தின் 12 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவம் தமிழில் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளது; வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அந்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. ஆகவே நம் மொழியில் செம்மையாக அளப்பது இயலாத செயல் அன்று.

சொல்லை விடவும் சிக்கலானது வழக்கம். பழைய துணையின் நினைவுப் பொருள்களை இன்னும் வைத்திருப்பவர் பற்று விடாதவர் என்று கொள்வது ஓர் ஊருக்குச் சரியாகலாம். இங்குத் தாலியை என்ன செய்வது? கணவனை மறந்தே போன ஒரு பெண்ணும், பேருந்திலும் வேலை செய்யும் இடத்திலும் தேவையற்ற கேள்விகளைத் தவிர்க்கத் தாலியைக் கழற்றாமல் இருக்கக்கூடும். இன்னொருத்திக்கு அது உண்மையாகவே நம்பிக்கையின் அடையாளமாக இருக்கக்கூடும். வெளியில் தெரியும் செயல் ஒன்று. உள்ளே பொருள் இரண்டு.

சென்னையிலுள்ள மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்' அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் தாராவும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. மனச்சிதைவு நோய்க்கு ஆளாகி, மணவாழ்வும் முறிந்த பெண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். நோயினால் வரும் களங்கத்தைவிட, கணவனைப் பிரிந்தவள் என்ற களங்கமே அப்பெண்களையும் குடும்பத்தாரையும் பல வேளைகளில் அதிகமாக உறுத்தியது என்பது அவர்கள் கண்ட முடிவு. கொடிய மனநோய் ஒன்றின் பெயரைவிட ஊர் இடும் பெயர் சுடுகிறது! 'வாழாவெட்டி' என்ற ஒரு சொல்லை நம் மொழி வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு நேரான ஆண்பாற் சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

வெயிலில் தொங்கும் வெப்பமானி

பாளையங்கோட்டையில் இன்று இத்தனை டிகிரி வெயில் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. அந்த அளவை எடுக்கும் வெப்பமானியை வெட்டவெளியில் தொங்கவிடுவதில்லை. வெள்ளை வண்ணம் பூசி, காற்றுப் புகச் சாய்வுப் பலகைகள் வைத்த பெட்டிக்குள் வைக்கிறார்கள். வெயில் நேராகப் பட்டால் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது. வெயிலால் தான் சூடான கதையைத்தான் காட்டும்.

மன அளவுகோலுக்கு அத்தகைய பெட்டி கிடையாது. 'கல்யாண வீடுகளுக்குப் போவதைத் தவிர்க்கிறேன்' என்ற வாக்கியத்தை ஒரு பெண் முழுமையாக ஏற்கிறாள் என்போம். படிவம் அதைச் சமூகத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எண்ணும். போன இடத்தில் ஆரத்தித் தட்டைத் தொடவிடாமல் ஒதுக்கினார்கள் என்பதால் அவள் போகாமல் இருந்தால் அந்த எண் யாரை அளக்கிறது? அவளையா, கல்யாண வீட்டாரையா? 'எதிர்காலத்தை எண்ணினால் பயமாக இருக்கிறது' என்பவளுக்குப் பீடி சுற்றி வரும் கூலியைத் தவிர வேறு வருமானம் இல்லை என்றால், அளந்தது மனத்தையா, கையிருப்பையா?

ஆண்களுக்கும் இது பொருந்தும். 'அழுகை வருகிறது' என்ற வாக்கியத்தை மறுக்கும் ஆண்கள் எல்லோரும் தேறியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அப்படித்தான் விடையெழுதுவார். அவருடைய துயரம் குடியிலோ தூக்கமின்மையிலோ வெளிப்படலாம். அவற்றைக் கேட்காத படிவம் அவருக்குப் பொய்யாக நல்ல மதிப்பெண் தந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சிறு கிண்ணத்து வெந்நீரில் பெரிய வெப்பமானியை அமிழ்த்தினால், அதுவே நீரின் வெப்பத்தைச் சிறிது பறித்துக்கொள்ளும். கேள்வியும் மனத்தைத் தொடாமல் விடுவதில்லை. அண்மையில் பிரிந்தவர்கள் தம் உணர்ச்சிகளை எழுதிப் பார்ப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. டேவிட் ஸ்பாராவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வோ, நடந்ததையே திரும்பத் திரும்ப எண்ணிப் பொருள் தேடும் இயல்புடையவர்களுக்கு அப்படி எழுதுவது தேறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று காட்டியது. ஆறாத புண்ணில் நூறு வினாக்களை வைப்பவர், கேட்டு முடித்ததும் எழுந்து போய்விடக்கூடாது.

நம் பள்ளத்தாக்குக்கு ஓர் அளவுகோல்

அப்படியானால் இந்த அளவுகோல்களையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிடலாமா? வேண்டாம். அளக்காவிட்டால், 'காலம் எல்லாவற்றையும் ஆற்றும்' என்ற பொதுச் சொல்லோடு நின்றுவிடுவோம். யாருக்கு உதவி அவசரம் என்பது தெரியாமலே போகும். ஆனால் அளவுகோல் நம் மண்ணுக்கு ஏற்றதாக வேண்டும். அதற்குச் சில தேவைகள் உண்டு.

முதலாவது, தீர்ப்பு நாளை மட்டும் கேட்காமல், ஒரே வீட்டில் கடைசியாக வாழ்ந்த நாள், இனிச் சேர்வதில்லை என்று மனத்தில் முடிவான நாள், பெரியவர்களோ நீதிமன்றமோ முடித்துவைத்த நாள் என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று வெற்றிடமாக இருந்தால் அதுவே ஒரு விடை.

இரண்டாவது, மனத்தையும் சூழலையும் வெவ்வேறு பக்கங்களில் அளக்க வேண்டும். வருமானம், தங்கும் வீடு, பிள்ளை யாரிடம், உறவினர் பேச்சு, விசேஷ வீடுகளில் நடத்தப்படும் முறை ஆகியவை ஒரு பக்கம். தூக்கம், துயரம், கோபம், தன்மதிப்பு ஆகியவை மறுபக்கம். அப்போதுதான் வெயில் எவ்வளவு, காற்றின் வெப்பம் எவ்வளவு என்று பிரித்துக் காண முடியும்.

மூன்றாவது, ஒரே தடவை அளந்து முடிவு கட்டக்கூடாது. பொங்கல்படி வரும் தை மாதத்திலும் தீபாவளியை ஒட்டியும் கேட்டால் ஒரு விடை வரலாம். சாதாரண நாளில் வேறு விடை வரலாம். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் குறிப்பது எதற்காக? ஒரு நாளைய எண்ணைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பயன்படும்.

வாசகர்களே, உங்களிடமோ உங்கள் வீட்டுப் பெண் அல்லது பிள்ளையிடமோ யாரேனும் இத்தகைய மதிப்பெண் ஒன்றைத் தந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிவம் தமிழ் மக்களிடம் சோதிக்கப்பட்டதா? எந்த நாளிலிருந்து கணக்கிட்டீர்கள்? கிளை மதிப்பெண்கள் எவை? பிழை எத்தனை? நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு ஏற்பார். பிள்ளையை யாரிடம் விடுவது, மறுமணத்துக்குத் தகுதி உண்டா என்பன போன்றவற்றை இந்த ஓர் எண்ணைக் காட்டி யாரேனும் முடிவு செய்ய முனைந்தால் ஏற்காதீர்கள். உதவி எங்கே தேவை என்று காட்டவே இந்த அளவுகோல்கள் பிறந்தன. தீர்ப்புச் சொல்வதற்கு அன்று.

எண் எதுவாக இருந்தாலும், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால், மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். 2022 முதல் இயங்கி வரும் 'டெலி மானஸ்' மனநல உதவித் தொலைபேசி 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த கல்யாண வீட்டில், ஒதுங்கி நிற்கும் பெண்ணின் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவளுடைய மதிப்பெண் அன்றே சில புள்ளிகள் ஏறினால் வியப்பில்லை. அந்தப் புள்ளிகள் நெடுநாளாக நம்மிடம்தான் இருந்தன.